கொசுக்காரி எடுத்த படங்கள்

ஒரு வீட்டுக் கொல்லையில் துவைகல்லுக்கு அடியில் இருந்த தவளையைக் கொசுக்காரி செண்பகவல்லி செல்போனில் படம் பிடித்தது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. அந்தத் தவளை செல்போனை விட்டு இறங்கி, அதே வீட்டு முன்னறையில் சந்தனமாலை போட்டு மாட்டியிருந்த பெரியவர் படத்துக்குள் ஏறி உட்கார்ந்தது அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில். நிஜத் தவளை துவைகல்லுக்கு அடியிலேயேதான் இருந்தது, அதற்கும் இந்த விவகாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. படத்துத் தவளைதான் போனது. வீட்டுக்காரர் பட்டமுத்து, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், சோற்றுத் தட்டோடு நிமிர்ந்து பார்த்தார், தகப்பனார் தோளில் தவளை இருப்பதைக் கண்டார், ரசம் ஊற்றச் சொன்னார்.

கை கழுவிவிட்டு வந்து இன்னொரு தடவை பார்த்தார். முப்பத்திரண்டு வருஷமாகச் சுவரிலிருந்து முறைத்துக்கொண்டே இருந்த தகப்பனார், தோளில் இருந்த தவளைக்கு இடைஞ்சல் வராதபடி இப்போது கழுத்தைக் கொஞ்சம் சாய்த்திருந்தார். “எங்கய்யா உசுரோட இருந்த காலத்துல என்னைய ஒரு நாள் தோள்ல தூக்கி வச்சது கிடையாது,” என்று பட்டமுத்து தன் சம்சாரத்திடம் சொன்னார். “தவளைக்கு வாச்சிருக்கு பாரு.” சொல்லிவிட்டு வழக்கம்போலத் துண்டை உதறிப் போட்டுப் படுத்துவிட்டார்.

எங்கள் கரிசப்புதூரில் இப்படித்தான் ஆரம்பித்தது. ஏன் ஆரம்பித்தது என்று கேட்காதீர்கள். பழைய செல்போன் என்றார்கள் சிலர், புதுச் செல்போன் கோபுரம் என்றார்கள் சிலர், அந்த வருஷத்து ஐப்பசி மழை என்றார்கள் சிலர், யாருக்கும் அதில் உட்கார்ந்து தலையை உடைத்துக்கொள்ள நேரமில்லை, ஏனென்றால் அவரவர் வீட்டுப் படத்தில் என்ன வந்திருக்கிறது என்று பார்க்கவே பொழுது சரியாக இருந்தது.

செண்பகவல்லியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷம் தீப்பெட்டி ஆபீசில் தலையைக் குனிந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவள், ஆறு வருஷத்துக்கு முன்னால் பேரூராட்சியின் கொசு ஒழிப்பு வேலைக்கு வந்தாள். தோளில் ஒரு பை, பைக்குள் டார்ச், வடிகட்டி, கொசுமருந்து பாட்டில், வாசலில் தேதி எழுத ஒரு சாக்பீஸ். வீடு வீடாகப் போய்த் தொட்டி, டிரம், உடைந்த உரல், டயர், தேங்காய்ச் சிரட்டை, எதில் தண்ணீர் நின்றாலும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். புழு இருந்தால் ஒரு படம், மருந்து ஊற்றிய பிறகு ஒரு படம். நாங்கள் அவளை எப்படி வரவேற்போம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கதவைத் திறக்க மாட்டோம். திறந்தாலும், “எங்க வீட்டுல கொசுவே கிடையாது, பக்கத்து வீட்டப் பாரு,” என்போம், கன்னத்தில் அறைந்துகொண்டே.

அவளுக்கு அதெல்லாம் உறைக்காது. எப்படியாவது கொல்லைப்புறம் போய்விட்டால் போதும், அவளுக்குத் தலைகால் புரியாது. வேலைக்குக் கொசுப்புழுவை மட்டும் எடுத்தால் போதும் என்றாலும், மின்சாரப் பெட்டி மேல் மண்குளவி ஈர மண்ணை உருட்டி உருட்டி அறை கட்டுவதையும், அந்த அறைக்குள் பச்சைப் புழுவைத் திணித்து வாயை அடைப்பதையும் எடுப்பாள்; கறிவேப்பிலைக் கன்றில் காக்கா எச்சம்போலக் கிடந்து ஊரை ஏமாற்றும் கம்பளி இல்லாத புழுவை எடுப்பாள்; செம்பருத்தித் தண்டில் மாவுப்பூச்சியை எறும்புகள் மாடு மேய்ப்பதுபோல மேய்ப்பதை, குனிந்து, முட்டி போட்டு, சில சமயம் ஈரத் தரையில் படுத்தும் எடுப்பாள். எடுத்துவிட்டு, “எக்கா, ஒங்க வீட்டுல யாரெல்லாம் இருக்காவன்னு ஒங்களுக்கே தெரியாது,” என்று வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள். இருப்பது நாலு பேர்தானே என்று வீட்டுக்காரி முழிப்பாள்.

அவள் எடுத்த படங்கள்தான் செல்போனில் நிற்காமல் போயின. சுகாதார ஆய்வாளர் ஞானப்பிரகாசம், கை சுத்தமானவர், அதைவிடச் சுத்தமாக ரிஜிஸ்டர் எழுதுகிறவர், அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“இது என்னம்மா?”

“தண்ணித் தொட்டி சார்.”

“தொட்டி தெரியுது. புழு எங்க?”

“இருந்துச்சு சார். போயிருச்சு.”

“மருந்து ஊத்துன பொறவா?”

“இல்ல சார். படத்த விட்டுப் போயிருச்சு. பட்டமுத்து அண்ணாச்சி வீட்டுத் தவளை அவிய அய்யா தோள்ல இருக்கு. புழுவெல்லாம் எங்க போச்சுன்னு விசாரிச்சிக்கிட்டு இருக்கேன்.”

இருபத்தாறு வருஷம் அலுவலகத்தில் குப்பை கொட்டிய ஞானப்பிரகாசம் எதற்கும் ஆச்சரியப்படுகிறவர் இல்லை. ரிஜிஸ்டரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, “போன எடத்த எழுதுறதுக்கு இதுல கட்டம் கெடையாதே,” என்றார். “கார்த்திகை ஒண்ணாந்தேதி ஒன் வேலைய மறுபடியும் பதியணும். அறுநூத்திப் பன்னெண்டு வீட்டுக்கும் ரெண்டு படம் வேணும். படத்துல இருந்தா உண்டு, இல்லன்னா இல்ல. வரலைன்னா லிஸ்ட்டுல அடுத்த ஆளக் கூப்பிட்டுருவேன். எம்மேல வருத்தப்படக் கூடாது.”

அவள் வருத்தப்பட்டாள். அவர் மேல் இல்லை, தீப்பெட்டி ஆபீசை நினைத்து. திரும்பவும் அந்த மேஜை, அந்த லேபிள், குனிந்த தலைக்கு எதிரே ஒரு சுவர். வேறு எந்த வேலையில் அடுத்த வீட்டுக் கொல்லையில் போய் முட்டி போட்டுப் பார்க்க விடுவார்கள்?

ஆனால் ஊர் அந்த மாதம் போட்ட ஆட்டத்தில் எங்கே ஒருத்தி வருத்தப்பட முடிந்தது? கொசுப்புழுக்கள் போன இடம் இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. பஸ் நிலையத்தில் ஒரு காதணி விழாவுக்கு வைத்திருந்த பேனரில், காது குத்தும் குழந்தைக்குக் கீழே கறுப்புக் கண்ணாடி போட்டு வரிசையாக நின்ற இருபத்திரண்டு தாய்மாமன்மாரும் ஒரே நாளில் கன்னத்தைச் சொறிய ஆரம்பித்தார்கள். புழு கூடாகி, கூடு கொசுவாகி, பேனர் முழுக்க ஙொய் என்றிருந்தது. டீக்கடையில் நின்றவர்கள் டீயை ஆறவிட்டுப் பார்த்தார்கள். முதல் நாள் சொறிந்தார்கள், இரண்டாம் நாள் கண்ணாடியைக் கழற்றி விசிறினார்கள், மூன்றாம் நாள், செண்பகவல்லி ஊருணியில் எடுத்த தட்டான்கள் எங்கெங்கோ கல்யாண ஆல்பங்களில் சுற்றிவிட்டு மோப்பம் பிடித்து வந்து சேர்ந்து, வேலையை ஆரம்பித்தன. நான்காம் நாள் தாய்மாமன்மார் இருபத்திரண்டு பேரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தலைக்கொரு தட்டானோடு, விழாவே தங்களுக்குத்தான் என்பதுபோல நின்றார்கள். பேனர் வைத்த குடும்பம் அதைக் கழற்ற மனசில்லாமல் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று விட்டுவிட்டது.

அதோடு எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. யார் வீட்டுப் படத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் பேச்சு. வாக்காளர் அட்டையில் பொறிவண்டு வந்த மனுஷன் அதைச் சட்டைப்பைக்கு வெளியே குத்திக்கொண்டு திரிந்தார். நிச்சயதார்த்தப் படத்தில் மரவட்டை ஊர்ந்ததால், பத்து வருஷமாகப் பேசாதிருந்த அண்ணன் தம்பி ஒரே படத்துக்கு முன்னால் நின்று அது எந்தப் பக்கம் போகும் என்று வாதாடினார்கள். வழக்குகளும் வந்தன. மேலத்தெருப் பல்லி கீழத்தெரு ஆல்பத்துக்குள் புகுந்து, மணப்பெண் கொண்டையில் ஏழு நாளாக இருந்த அந்துப்பூச்சியைத் தின்றுவிட்டது என்று பெண்வீட்டார் பிராது கொடுத்தார்கள். பல்லி வீட்டார், “அது பசிக்குத் தின்னுச்சு, வீம்புக்கா தின்னுச்சு?” என்று கேட்டார்கள். பஞ்சாயத்து செண்பகவல்லியைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டது. அவள், பல்லியைத் துரத்தினால் கொண்டையில் கரப்பான் ஏறும், எது வசதி என்று பெண்வீட்டாரையே முடிவு செய்யச் சொன்னாள். பெண்வீட்டார் ஒரு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு, பல்லியையே வைத்துக்கொண்டார்கள்.

இப்போது எந்தக் கதவையும் அவளுக்கு யாரும் சாத்தவில்லை. “ஏ செண்பகம், மொதல்ல எங்க வீட்டுக்கு வா,” என்று தெருவில் கையைப் பிடித்து இழுத்தார்கள். கொல்லைக்கு மருந்து தெளித்தவர்கள் தெளிப்பதை நிறுத்தினார்கள், கிணற்றடிச் செடியை வெட்ட வந்த ஆளைத் திருப்பி அனுப்பினார்கள், தட்டான் வரட்டும் என்று தாமரைத் தொட்டி வைத்தார்கள், தொட்டியில் கொசு வராமல் இருக்க அவளிடமே மீன்குஞ்சு கேட்டார்கள். அவள் காலை ஏழு மணிக்குக் கிளம்பி அலைந்து அலைந்து எடுத்தாள், எடுத்ததெல்லாம் போய்க்கொண்டே இருந்தது. ஊருக்குக் கொண்டாட்டம், அவளுக்குக் கார்த்திகை நெருங்கிக்கொண்டிருந்தது, இதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை, எங்களைச் சொல்ல வேண்டும்.

கஷ்டப்பட்டது சொர்ணத்தாய் ஒருத்திதான். மெயின் ரோட்டில் மாடி வீடு. வாசலிலிருந்து கொல்லை வரை சிமெண்டு, சிமெண்டுக்கு மேல் டைல்ஸ், டைல்ஸுக்கு மேல் தினம் இரண்டு வேளை பினாயில். மகள் இந்துமதிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கரன்கோவிலிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், எங்கள் ஊர்ச் சங்கதி ஏற்கனவே காதுக்கு எட்டியிருந்ததால், பெண்ணின் படத்தைக் கையில் வாங்கி, முன்னால் பார்த்து, திருப்பிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. படத்துல ஒரு எறும்பு கூட இல்லையே தாயி. மனுச மக்க அண்டுற வீடுதானா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

சொர்ணத்தாய் செண்பகவல்லியை ஆள் விட்டுக் கூப்பிட்டாள். ஆறு வருஷத்தில் அந்த வீட்டுக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கொல்லையில், பளபளவென்ற டைல்ஸ் மேல், திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தவளை ஒன்று உட்கார்ந்திருந்தது. “எங்க வீட்டுத் தவளைதான். எடு,” என்றாள் சொர்ணத்தாய், முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு. செண்பகவல்லி குனிந்து எடுத்தாள். அந்தப் படம் செல்போனை விட்டு நகரவே இல்லை. மறுநாள் ஞானப்பிரகாசம் அவளுடைய ஆயிரத்து எண்ணூறு படங்களையும் தள்ளித் தள்ளிப் பார்த்து, அதில் வந்து நின்று, “பாரு, இத மட்டும் ஒழுங்கா எடுத்திருக்கே,” என்று மனசாரப் பாராட்டினார்.

அடுத்த வாரம் சொர்ணத்தாய் கொத்தனாரைக் கூப்பிட்டுக் கொல்லையை உடைத்தாள். டைல்ஸை உடைத்து, சிமெண்டை உடைத்து, பதினைந்து வருஷம் வெயில் பார்க்காத மண் வெளியே வந்தது. மழை பெய்தது. மூன்றாம் நாள் புல், ஐந்தாம் நாள் மண்புழு, ஒன்பதாம் நாள் மண்ணுக்குள்ளிருந்து ஒரு பிள்ளைப்பூச்சி முன்கால் இரண்டையும் மண்வெட்டிபோல வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. செண்பகவல்லி குப்புறப் படுத்து எடுத்தாள். பக்கத்தில், பட்டுப்புடவை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல், சொர்ணத்தாயும் படுத்துப் பார்த்தாள்.

“இது எத்தன நாளா இங்கன இருந்துச்சு?”

“தெரியலக்கா. பக்கத்துக் காலி மனையில இருந்து வந்திருக்கும். நீங்க எடம் குடுத்தீங்க, வந்திருச்சு.”

“நாளைக்கும் வந்து பாக்கியா?”

“நாளைக்கு வருவேன். கார்த்திகைக்குப் பொறவு யாரு வருவாவளோ தெரியாது,” என்றாள் செண்பகவல்லி. மண்ணைத் தட்டிக்கொண்டே, படம் நிற்காததையும், ரிஜிஸ்டரில் கட்டம் இல்லாததையும், தீப்பெட்டி ஆபீசையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

அன்றைக்குச் சாயங்காலம் இந்துமதியின் படத்தில், காதுக்கும் ஜிமிக்கிக்கும் நடுவில் பிள்ளைப்பூச்சி வந்து உட்கார்ந்தது. சங்கரன்கோவிலுக்குத் தகவல் போக வேண்டியதுதான் பாக்கி. சொர்ணத்தாய் அதைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு, தெருத் தெருவாக இறங்கினாள். அவள் தொண்டையைப் பற்றி ஊருக்கே தெரியும். “ஆறு வருசமா நம்ம கொல்லையெல்லாம் குனிஞ்சவ அவ. இன்னைக்கு அவ வேல செஞ்சதுக்கு அத்தாச்சி இல்லையாம். அத்தாச்சி எல்லாம் நம்ம சொவத்துல தொங்குது. கழட்டுங்க,” என்றாள்.

கார்த்திகைக்கு முந்தின நாள் காலை, கரிசப்புதூரில் ஒரு சுவரிலும் ஒரு படமும் இல்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் பேரூராட்சி அலுவலகத்துக்கு நடந்தார்கள். பட்டமுத்து தகப்பனாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் போனார். கல்யாண ஆல்பம், பள்ளிக்கூடக் குரூப் போட்டோ, ஆதார் அட்டை, முதல் வருஷ நினைவஞ்சலி, வளைகாப்புப் படம், ஒருவர் லைசென்ஸை மட்டும் இரண்டு விரலால் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார், காதணி விழாப் பேனரை நாலு பேர் தூக்க, இருபத்திரண்டு தாய்மாமன்மாரும் தட்டான்களோடு தெருவை மேற்பார்வை பார்த்தபடியே போனார்கள். யாரோ மேளக்காரரைக் கூப்பிட்டிருந்தார்கள். எதற்கு மேளம் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் கேட்காமல் அடித்தார்.

ஞானப்பிரகாசம் வாசலுக்கு மேஜையைக் கொண்டுவரச் சொன்னார். மனுஷனுக்குச் சரிபார்ப்பதென்றால் உயிர். கதவு எண் கேட்டார், படத்தை வாங்கினார், உற்றுப் பார்த்தார், எழுதினார். “எட்டு பை ரெண்டு. தவளை ஒண்ணு. சரி. அடுத்து. பதினாலு, குளவி, கூட்டோட. சரி. அடுத்து.” சாயங்காலம் நாலு மணிக்கு அறுநூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. பேனாவை மூடப் போனவர் மறுபடி திறந்து, “இது மருந்துக்கு முந்தி எடுத்த படம். பிந்தி எடுத்தது?” என்றார்.

செண்பகவல்லி செல்போனை நீட்டினாள். வெறும் தொட்டி, வெறும் டிரம், வெறும் உரல், எதைத் தள்ளினாலும் வெறும் தண்ணீர். “இதான் சார் பிந்தி எடுத்தது. ஒண்ணுலயும் ஒரு புழு கெடையாது.”

அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஒன்றிலும் ஒரு புழு கிடையாது. பிளாஸ்டிக் தவளையில் கொஞ்ச நேரம் நின்று, அதையும் தாண்டினார். “எல்லாம் சரியா இருக்கு,” என்றார், அவர் குரலிலும் ஒரு சந்தோஷம் இருந்ததை நாங்கள் எல்லோருமே கேட்டோம். “பாரத்த நிரப்பிரலாம். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒண்ணு குடு.”

அவளிடம் இல்லை. ஊர் முழுவதையும் எடுத்தவளை ஒருவரும் எடுத்ததில்லை. பழைய பாரத்தில் ஒட்டியிருந்தது தீப்பெட்டி ஆபீஸ் காலத்துப் படம், அதில் அவள் கண்ணை மூடியிருந்தாள். மேளத்தோடேயே அவளை மைதீன் ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். மைதீன், “நாடிய நிமித்து, இங்கன பாரு,” என்று ஒன்று எடுத்தார். பிரிண்ட் வருவதற்குள் நெற்றியில் வண்ணத்துப்பூச்சி. தட்டிவிட்டு இரண்டாவது எடுத்தார். கன்னம் இரண்டும் எறும்பு. மூன்றாவது எடுத்து முடிக்கும்போது தெருவில் சலசலப்பு. கையில் படத்தோடு நின்றவர்கள் எல்லாம் கீழே பார்த்தார்கள். பட்டமுத்துவின் தகப்பனார் தனியாக இருந்தார், தாய்மாமன்மார் தலையில் ஒன்றும் இல்லை, இந்துமதியின் ஜிமிக்கி ஜிமிக்கியாக மட்டும் ஆடியது. அத்தனையும் கிளம்பிப் போயிருந்தன. சொர்ணத்தாய் ஒருத்திதான் லேசாகப் பதறினாள், பிறகு அவளும், “போயிட்டு வரட்டும்,” என்று படத்தைப் பைக்குள் வைத்தாள்.

மைதீன் கொடுத்த படத்தை ஞானப்பிரகாசம் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஓரம் முதல் ஓரம் வரை இறக்கையும் காலும் வாலும் கொம்பும்.

“இதுல நீ எங்கம்மா இருக்கே?”

“உள்ள இருக்கேன் சார்.”

“மொகம் தெரியணும்ல? யாருன்னு எப்படித் தெரியும்?”

கேட்டவரே தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தார், குனிந்து படத்தைப் பார்த்தார். பிறகு பசையைத் தடவிப் படத்தைப் பாரத்தில் ஒட்டினார், பேரூராட்சி முத்திரையை மையில் அழுத்தி எடுத்தார், குத்தப் போன கையை நிறுத்திக்கொண்டு, “கொஞ்சம் நகருங்கப்பா,” என்று படத்திடம் சொன்னார். வலது மூலையில் இருந்தவை நகர்ந்தன. முத்திரையைக் குத்தினார்.

பாரத்தில் இன்னும் ஒரு வரிதான் காலியாக இருந்தது. அங்க அடையாளங்கள், இரண்டு. ஞானப்பிரகாசம் படத்தை மறுபடியும் கண்ணருகே கொண்டுபோய், படத்தில் இருப்பதை இருக்கிறபடியே, தன் சுத்தமான கையெழுத்தில் எழுதினார்: ஒன்று, இடது புருவத்துக்கு மேல் ஒரு பச்சைப் புழு. இரண்டு, மோவாயில் ஒரு குட்டிப் பல்லி. எழுதி முடித்து, பாரத்தை ரிஜிஸ்டருக்குள் வைத்துவிட்டு, “நாளைக்கு ஒம்பது மணிக்கு மூணாவது வார்டு, லேட்டா வராதே,” என்றார்.